கைக்குழந்தைக்குக் காது மெஷின்

என் தங்கைக்குக் காது கேட்காது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிய வந்தபோது, அவள் அம்மாவின் பின்னாலேயே ரப்பர் தோட்டத்துக்கு ஓடிவரும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். நிக்கோபாரின் கட்சால் தீவில், எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் அவளுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். கூப்பிட்டால் வரமாட்டாள். அம்மா போய் முதுகில் ஒன்று வைத்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். கடைசியில், தீவுக்கு முகாம் வந்த ஒரு டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம். அவள் மட்டும் தன் பாட்டுக்கு மேசைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு மார்பில் தொங்கவிடும் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அதிலிருந்து காதுக்கு வயர் போகும். அவளுக்குச் சத்தம் வந்தது. ஆனால் சத்தத்தைச் சொல்லாகப் பிரித்துப் பழகும் வயதை அவள் தாண்டியிருந்தாள். கொஞ்ச நாளில் பெட்டியைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அவளும் நானும் கைகளால் பேசிக்கொண்டோம். யாரும் சொல்லித் தந்ததில்லை, நாங்களே உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. இன்று கட்சாலில் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தையல்காரி. தன்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட அவள் இடம் வைத்ததில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவளால் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போனது என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

அதனால்தான், போர்ட் பிளேரில் என் மகள் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நர்ஸ் ஒரு சின்னக் கருவியோடு வந்தபோது நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதில் ரப்பர் முனை ஒன்றை மெதுவாக வைத்தார். கருவியின் திரையைப் பார்த்தார். அடுத்த காதில் வைத்தார். மறுபடி முதல் காதுக்கு வந்தார்.

"ரெண்டு காதுலயும் பதில் வரல. பிறந்த உடனே சில குழந்தைங்களுக்குக் காதுக்குள்ள தண்ணி இருக்கும், அதனாலயும் இருக்கலாம். பயப்படாதீங்க. ஆனா தடுப்பூசிக்கு வர்றப்ப மறக்காம இங்கயும் வாங்க" என்றார்.

என் மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுனாக மாப்ள. பிறந்த பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

தடுப்பூசிக்குப் போனபோது மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் பதில் வரவில்லை. காது டாக்டர், மூளைக்குச் சத்தம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, மெயின்லேண்டுக்கு, சென்னைக்குப் போய்ச் சீக்கிரம் செய்துவிடுங்கள் என்று எழுதித் தந்தார். நான் அன்றே கிளம்பத் தயார். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. எங்கள் வீடு பத்துபஸ்தியில், விமான நிலையத்துக்கு அருகில். ஒவ்வொரு முறை விமானம் இறங்கும்போதும் தூளியில் கிடக்கும் குழந்தை கண்ணை அகல விரித்துக் கையைக் காலை உதறும்.

"பாத்தீகளா? பிளேன் சத்தம் கேட்டுத்தான முழிக்கிறா? கேக்காத பிள்ளை எதுக்கு முழிக்கணும்? பச்சப் பிள்ளைய மெயின்லேண்டுக்குத் தூக்கிட்டு அலையணும்ங்கிறீக."

குழந்தை முழிப்பது உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். ஒருவேளை என் தங்கையின் கதையை என் மகள் மேல் ஏற்றிப் பார்க்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தையைப் பார்க்கத் தங்கை கட்சாலிலிருந்து கப்பலில் வந்தாள். தான் தைத்த சின்னச் சின்னச் சட்டைகளைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். வந்த நாள் முழுக்கத் தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் இன்னும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு விமானம் இறங்கியது. குழந்தை கண் விரித்துக் கால் உதறியது. "பாத்தீகளா!" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து. அப்போதுதான் தங்கையும் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்ததை நாங்கள் இருவரும் கவனித்தோம். ஒரு சத்தமும் கேட்காத என் தங்கை, விமானம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

என் மனைவியின் முகம் மாறியது. நாங்கள் சொல்லாமலே விஷயத்தைக் கண்டுகொண்டிருந்த தங்கை, அவள் கையைப் பிடித்து இழுத்து, தூளி கட்டியிருந்த இரும்புக் குழாயில் வைத்தாள். அடுத்த விமானம் வரும்வரை அப்படியே பிடித்திருக்கச் சொன்னாள். அது வந்தபோது தகரக் கூரை நடுங்கியது, குழாய் நடுங்கியது, தூளியும் கூடவே நடுங்கியது. குழந்தை விழித்தது. பிறகு தங்கை குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பாக்கு மரத்தடிக்குப் போனாள். நாங்களும் பின்னால் போய் நின்றோம். மூன்று பேருமாக ஒரு விமானத்துக்காக அவ்வளவு நேரம் காத்திருந்தது வேறெப்போதும் இல்லை. வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, நான் என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். குழந்தை அத்தையின் தாவணி ஓரத்தைச் சப்பிக்கொண்டே இருந்தது.

என் மனைவி பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கை அவளை அழவிட்டாள். பிறகு முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, ஒரு கையைத் தன் இடுப்பளவுக்குக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது நான் இவ்வளவு உயரம். அடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் கிட்டத்தில் வைத்துக் குழந்தையைக் காட்டினாள். இவள் இவ்வளவுதான். பிறகு சிரித்தாள். அது ஆறுதலுக்காகச் சிரித்த சிரிப்பு அல்ல. நல்ல செய்தி சொல்கிறவளின் சிரிப்பு.

உள்ளே வந்ததும் என் மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: "டிக்கெட் போடுங்க."

சென்னையில் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டிச் சோதனை செய்தார்கள். செய்த பெண்மணி எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. உள்காதில் இருப்பதால் மருந்தால் சரியாகாது. ஆனால் கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருக்கிறது, காது மெஷின் நன்றாக உதவும்.

"எந்த வயசுல போடலாம் மேடம்?" என்று கேட்டேன்.

"இப்பவே. பேச்சு வர்றதுக்கு முன்னாடி காது வரணும். பேச்சு வரல, பேச்சு வரலன்னு காத்திருந்து நாலு வயசுல கூட்டிட்டு வர்றவங்கதான் எங்ககிட்ட அதிகம். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. பாதித் தூரம் தாண்டிட்டீங்கன்னு வச்சுக்கங்க."

காதின் அச்செடுத்து, சில நாட்கள் கழித்து மெஷினைப் பொருத்தினார்கள். என் மனைவியின் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது, காதைத் தொட்டதே அதற்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்மணி கணினியில் எதையோ தட்டினார். குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. மறுபடி மெதுவாக ஒரு அழுகையைத் தொடங்கி, நிறுத்தி, கண்ணை உருட்டியது. தன் அழுகையே அதற்குக் கேட்டுவிட்டது! இன்னொரு முறை, சும்மா பார்ப்பதற்காகவே, "ஆ" என்றது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. என் மனைவி சிரித்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கிளம்பும்போது அந்தப் பெண்மணி கேட்டார்: "வீட்ல என்ன மொழி பேசுவீங்க?"

"தமிழ். தெருவுல ஹிந்தி. பக்கத்து வீட்டுல பெங்காலி, எதிர்ல தெலுங்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் எந்த மொழியில சண்டை போடுவீங்க?"

"தமிழ்லதான்" என்றாள் என் மனைவி உடனே.

"அப்ப அதுலயே நாள் முழுக்க அவகிட்ட பேசுங்க. முதல்ல ஒரு மொழி கெட்டியா நிக்கட்டும். மத்ததெல்லாம் தானா வரும்."

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. எங்கள் தீவின் காற்றில் பாதி தண்ணீர். மெஷினைத் தினமும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்துக் காயவைக்க வேண்டும். குழந்தையின் காது வளர வளர அச்சு தளர்ந்து மெஷின் விசிலடிக்கும். அதைவிடப் பெரிய பாடு, அவள் அதைப் பிடுங்கி எறிவது. வாயில் போடுவாள், வாளியில் போடுவாள், ஒருமுறை ரசத்தில் போடப் பார்த்தாள். நான் வீடியோ காலில் தங்கையிடம் கைகளால் புலம்பினேன். அடுத்த கப்பலில் ஒரு பொட்டலம் வந்தது. மெல்லிய பருத்தித் தொப்பிகள், தாடைக்கடியில் முடிச்சுப் போடும் நாடாவோடு. காதுப் பக்கத்தில் மட்டும், சத்தம் உள்ளே போகும்படி வலைத்துணி வைத்துத் தைத்திருந்தாள். சத்தத்தைக் கேட்டுப் பழகாதவள், அது எந்த வழியாக வர வேண்டும் என்று யோசித்துத் தைத்திருந்தாள்.

என் மனைவி பேச ஆரம்பித்தாள். வெங்காயம் நறுக்கினால் வெங்காயத்தைப் பற்றி, துணி காயப்போட்டால் துணியைப் பற்றி, மழை வந்தால் மழையைத் திட்டி. வாரத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து பேச்சுப் பயிற்சி தரும் பெண் வீடியோவில் வருவார். கடலுக்கடியில் கேபிள் போட்டு நெட் ஒழுங்கானதால் அது முடிந்தது. முன்பென்றால் முகம் வரும்போது குரல் வராது. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, நாங்கள் மாசி என்று கூப்பிடுபவர், வேலிக்கு அப்பாலிருந்து ஹிந்தியில் கொஞ்ச ஆரம்பித்தால் என் மனைவி தடுத்துவிடுவாள்.

"மாசி, அபி ஹிந்தி நஹீ. தமிழ்ல பேசுங்க."

"அரே, முஜே கஹாங் ஆத்தா ஹை தமிழ்!" எனக்கு எங்கே தமிழ் வரும் என்று மாசி சிரிப்பார். ஆனால் கற்றுக்கொண்டார். "வா", "பாலு குடி", "நல்ல பாப்பா" என்று அவர் தமிழ் பேசுவதைக் கேட்க எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சில மாதங்களில் எங்கள் சந்தில் என் மகளோடு தமிழ் பேசாத வீடு இல்லை.

எனக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், பயணிகள் போட்டில் ஏறும் வாசலில் வேலை. ஒருநாள் காலையில் என் மனைவி ஹேவ்லாக் தீவில் உள்ள தன் அக்கா வீட்டுக்குப் போகக் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குப் புழுங்குமே என்று அதன் தொப்பியை அவிழ்த்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் மகள் ஒரு மெஷினைப் பிடுங்கி வீசிவிட்டாள். என் மனைவி போட்ட சத்தத்தில் நான் கேட்டை விட்டு ஓடினேன்.

"எங்க போச்சுன்னே தெரியலங்க! தண்ணியில விழுந்துருச்சோ என்னவோ!"

ஜெட்டியின் ஓரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என்ன தேடுகிறோம் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் குனிந்துவிட்டார்கள். மூட்டைகளை நகர்த்தினார்கள். மீன் கூடையைத் தூக்கிப் பார்த்தார்கள். நிக்கோபாரி இளைஞர்கள் இருவர் மண்டியிட்டுப் பலகை இடுக்குகளில் எட்டிப் பார்த்தார்கள். போட்டை எடுக்கும் நேரம் தாண்டியது. அப்போது என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"அது ஆன்லதான் இருக்கு. மூடுன இடத்துல கிடந்தா விசிலடிக்கும். எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லுங்க."

நான் மைக்கை எடுத்தேன். "சப் லோக் ஏக் மினட் சுப் ரஹியே! கோயி ஆவாஸ் மத் கீஜியே!" என்றேன். போட்டை ஓட்டும் சாரங்கிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிறுத்தினார்.

ஜெட்டி முழுக்க அடங்கியது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. தண்ணீர் தூணில் மோதுவது மட்டும் கேட்டது. பிறகு, கொசு பாடுவதுபோல மெல்லிய ஒரு விசில். ஒரு நிக்கோபாரி இளைஞன் விரலைத் தூக்கினான். சுருட்டி வைத்திருந்த கப்பல் கயிற்றின் நடுவில் கையை விட்டு, அந்த மெஷினை எடுத்து மேலே காட்டினான். ஜெட்டியே கத்தியது. யாரோ விசிலடித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். சாரங் போட்டின் ஹாரனை நீளமாக அடித்தார். என் மனைவி மெஷினைத் துடைத்து மகளின் காதில் மாட்டினாள். அவளும் எல்லோரையும் பார்த்துக் கை தட்டினாள்.

அந்த வரிசையில் ஒரு இளம் பெண் இருந்தாள். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்து முஸ்லிம் குடும்பம். இடுப்பில் ஒரு பையன். என் மனைவியிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இவளுக்குக் கேக்கலன்னு எப்புடிக்கா கண்டுபுடிச்சிய? எங்க புள்ளயும் கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. மாமியக் கேட்டா, ஆம்புளப்புள்ள அப்படித்தான் இருக்கும்ங்குறாவ."

என் மனைவி போட்டில் ஏறவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பையனுக்கு அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. மருந்தும் ஒரு சின்னச் சிகிச்சையும் போதுமாக இருந்தது. அவன் கேட்க ஆரம்பித்த வாரம் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு குண்டான் நிறைய பிரியாணி வந்தது.

அதன் பிறகு என் மனைவியை நிறுத்த முடியவில்லை. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் மகளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். தாய்மார்களிடம் சுருக்கமாகத்தான் பேசுவாள். "பின்னால நின்னு கூப்பிடுங்க. திரும்பலன்னா காத்திருக்காதீங்க, போய்க் காட்டுங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னா சந்தோஷமா திரும்பி வாங்க." அங்கன்வாடிப் பெண் ஆஸ்பத்திரியில் பேசினார். காது பார்க்கும் கருவியோடு அவர்களே சில மாதங்களுக்கு ஒருமுறை வர ஒப்புக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு எதற்கு இந்தப் பரீட்சை என்று கேட்ட என் மாமியார்தான் இப்போது அவர்கள் வரும் நாளில் வாசலில் நின்று பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்புகிறார்.

என் மகளின் முதல் சொல் அம்மா அல்ல, அப்பாவும் அல்ல. கூரையில் உட்கார்ந்த காக்காயைப் பார்த்து, என் மனைவி தினமும் கத்துவதைப் போலவே, "போ!" என்றாள். தெளிவான "போ". என் மனைவி ஓடிவந்து, "இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லு" என்று காக்காயைப் போகவிடாமல் சோறு வைத்தாள். அதன்பின் சொற்கள் மழைபோல வந்தன. வா, தா, இல்ல, வேணாம், எனக்கு. ஒருநாள் வீடியோ காலில் தங்கையின் முகம் வந்ததும், யாரும் சொல்லிக் கொடுக்காமல், "அத்த!" என்றாள். தங்கை திரையில் மகளின் உதடுகளைப் பார்த்தாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கை காட்டினாள். மகள் சொன்னாள். தங்கை போனைக் கீழே வைத்துவிட்டாள். எங்களுக்கு அவள் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் துடைத்துக்கொண்டு வந்து, பெருமையோடு தன்னையே சுட்டிக் காட்டிக்கொண்டாள்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் சண்டை போடுகிறாள், ஹிந்தியில் சமாதானம் ஆகிறாள், மாசியிடம் பெங்காலியில் மிட்டாய் வாங்குகிறாள். விடுமுறைக்கு அத்தை வரும்போதெல்லாம் அவளிடமிருந்து எங்கள் கைப்பேச்சையும் கற்றுக்கொண்டாள். எனக்குத் தெரியாத சைகைகள் சில இப்போது அவர்கள் இருவருக்கும் நடுவே உண்டு.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை லைனிங் துணி வாங்கப் பஜாருக்குப் போனாள். அந்த ஜெட்டிப் பெண்ணின் கடைதான். நானும் மகளும் கூடப் போனோம். கடைக்காரர் ஒரு நீலத் துணியை விரித்தார். தங்கை விரலால் தேய்த்துப் பார்த்து, கைகளை ஆட்டி நீளமாக ஏதோ சொன்னாள். வழக்கமாக நான்தான் எடுத்துச் சொல்வேன். அதற்குள் என் மகள் ஸ்டூலில் ஏறி நின்றுவிட்டாள்.

"அத்தை சொல்றாங்க, இந்த நீலம் வெயில்ல காயவச்சா வெளுத்துடுமாம். உள்ள நல்லதா வச்சிருப்பீங்களாம், அதை எடுக்கணுமாம்."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அத்தை கையைத்தானே ஆட்டுனாங்க? அதுக்குள்ள இவ்வளவா சொல்லிட்டாங்க?"

"இன்னும்கூடச் சொன்னாங்க" என்றாள் என் மகள். "அதையெல்லாம் உங்ககிட்ட சொல்லக் கூடாது."